சளிக்குப் பின் காது அடைப்பு: ஒரு மருத்துவ வரலாறு

சளி பிடித்து, மூக்கொழுகல் நின்ற பிறகும் பலருக்குக் காது மட்டும் அடைத்தபடியே இருக்கும். காதுக்குள் பஞ்சு வைத்தது போன்ற உணர்வு, சொந்தக் குரலே தலைக்குள் முழங்குதல், எச்சில் விழுங்கும்போது 'பொட்' என்ற ஒலி, எதிரில் இருப்பவர் பேசுவது தொலைவிலிருந்து வருவது போலக் கேட்டல் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்த அடைப்பு பெரும்பாலும் காதுத் துளையில் இருப்பதில்லை. மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைக்கும் ஒரு சிறு குழலில் இருக்கிறது.

அந்தக் குழல் இருப்பது 16ஆம் நூற்றாண்டில் தெளிவாக எழுதப்பட்டது. அது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பது விளங்க மேலும் 300 ஆண்டுகள் ஆயின. ஆயினும், காது அடைத்தால் காதுத் துளைக்குள் எதையாவது விடுவதோ குடைவதோ புதுக்கோட்டை மாவட்டம் உட்படத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இன்றும் வழக்கமாக உள்ளது. நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலும் இருப்பதே இந்த வழக்கத்தின் சிக்கல். அடைப்பின் உண்மையான இடத்தை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாற்றையும், அதிலிருந்து கிடைத்த தீர்வுகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

காதின் அமைப்பும் அடைப்பு உண்டாகும் விதமும்

காது புறச்செவி, நடுச்செவி, உட்செவி என மூன்று பகுதிகளைக் கொண்டது. புறச்செவியின் துளை உள்ளே சென்று செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வில் முடிகிறது. செவிப்பறைக்கு அப்பால் காற்று நிரம்பிய சிறு அறையாக நடுச்செவி உள்ளது. சுத்தி, பட்டை, அங்கவடி என்னும் மூன்று சிறு எலும்புகள் இதில் உள்ளன. செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துவது இவற்றின் வேலை.

செவிப்பறை நன்றாக அதிர வேண்டுமானால் அதன் இருபுறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும். நடுச்செவியின் உட்சவ்வு அங்குள்ள காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குறைந்த காற்றை ஈடுசெய்யும் வழியே யூஸ்டேஷியன் குழல். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள இக்குழல், நடுச்செவியிலிருந்து சரிந்து இறங்கி மூக்கின் பின்புறத்தில், தொண்டையின் மேற்பகுதியில் திறக்கிறது. சாதாரண நேரத்தில் இது மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மேலண்ணத் தசைகள் இழுப்பதால் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் திறந்து மூடும்.

சளி பிடிக்கும்போது மூக்கின் உட்சவ்வு வீங்குவது போலவே இக்குழலின் உட்சவ்வும் வீங்குகிறது. குழல் திறக்காததால் புதிய காற்று உள்ளே போவதில்லை. உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று செவிப்பறையை உள்நோக்கி அழுத்துகிறது. இழுபட்ட செவிப்பறை சரியாக அதிராததால் ஒலி மந்தமாகக் கேட்கிறது. இந்நிலை நீடித்தால் நடுச்செவியின் சவ்விலிருந்து நீர் கசிந்து தேங்குகிறது. மூக்கொழுகல் நின்ற பிறகும் குழலின் வீக்கம் வடியச் சில நாள்கள் ஆகும் என்பதால், சளி போன பின்னும் அடைப்பு தொடர்கிறது.

பழங்காலக் கருத்துகள்

காதுக்கும் தொண்டைக்கும் இடையே வழி உண்டு என்ற ஐயம் மிகப் பழமையானது. கிரேக்க அறிஞர் அல்க்மேயோன் கி.மு. 500 அளவில், ஆடுகள் காது வழியாக மூச்சு விடுகின்றன என்று கூறியதாகத் தெரிகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தம் நூலில் அக்கூற்றை மறுத்தார். ஆனால் காதிலிருந்து வாயின் மேற்பகுதிக்கு ஒரு வழி உள்ளது என்பதை அவரும் குறிப்பிட்டார். ஆட்டைப் பற்றிய தவறான முடிவுக்குப் பின்னால், அறுத்துப் பார்த்த ஒருவரின் சரியான கவனிப்பு இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

இந்திய மருத்துவ நூல்களில் சுசுருத சம்கிதை 28 வகைக் காது நோய்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று, காதின் குறும்பி இளகி மூக்குக்கும் வாய்க்கும் வந்து தலைவலியை உண்டாக்கும் நிலை. குறும்பி செவிப்பறையைக் கடந்து மூக்குக்கு வருவதில்லை என்பது இன்றைய அறிவு. எனினும், காதும் மூக்கும் வாயும் தொடர்புடையவை என்ற எண்ணம் அந்நூலில் பதிவாகியுள்ளது.

சித்த மருத்துவம் நோய்களை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் மாறுபாடாகக் காண்கிறது. மூக்கடைப்பு, நீர்க்கோவை, பீனிசம் போன்ற சளி நோய்களுக்கு வேது பிடித்தல், மூக்கில் மருந்து விடும் நசியம், நெற்றியிலும் மூக்கின் பக்கங்களிலும் பற்றுப் போடுதல், சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இவை மூக்கையும் தலையையும் நோக்கிய முறைகள். சளியால் வரும் காது அடைப்புக்கு எந்தப் பக்கம் கவனம் செல்ல வேண்டுமோ அந்தப் பக்கத்தில் இவை அமைந்துள்ளன.

குழலைக் கண்டறிதல்

இத்தாலிய உடற்கூற்றியலாளர் பர்த்தோலோமியோ யூஸ்டாக்கி ரோமில் பணியாற்றியவர். 1562இல் செவி உறுப்புகளைப் பற்றி அவர் எழுதிய மடல் 1564இல் அச்சானது. நடுச்செவியிலிருந்து தொண்டையின் மேற்பகுதிக்குச் செல்லும் குழலின் வடிவம், போக்கு, எலும்பாலும் குருத்தெலும்பாலும் ஆன பகுதிகள் ஆகியவற்றை அவர் அதில் விரிவாக விளக்கினார். இக்குழலைப் பற்றிய அறிவு, மருந்தைச் சரியாகப் பயன்படுத்த மருத்துவர்களுக்கு உதவும் என்றும் எழுதினார். ஆனால் அந்தப் பயன் கைக்கு வர நெடுங்காலம் ஆனது. யூஸ்டாக்கி 1574இல் இறந்தார். அவர் செதுக்குவித்த உடற்கூற்றுப் படங்கள் 1714இல்தான் நூலாக வெளிவந்தன.

அடுத்த முக்கியப் படி அன்டோனியோ மரியா வால்சால்வாவுடையது. போலோஞாவில் பணியாற்றிய இவர் 1704இல் மனிதக் காதைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். காதைப் புறம், நடு, உள் என மூன்றாகப் பிரித்தவரும், குழலுக்கு யூஸ்டாக்கியின் பெயரை இட்டவரும் இவரே. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மூச்சை வெளித்தள்ள முயன்றால் காற்று குழல் வழியே நடுச்செவிக்குச் செல்லும் என்பதை அவர் விளக்கினார். இன்று விமானத்தில் காது அடைக்கும்போது பயணிகள் செய்யும் செயல் இதுதான். வால்சால்வா இதைப் பரிந்துரைத்தது அடைப்பை நீக்குவதற்காக அன்று. செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் தேங்கியவர்களுக்கு, அந்தச் சீழை வெளியே தள்ளுவதற்காகவே இதைக் கூறினார்.

வெர்சாய் அஞ்சல் அலுவலர்

குழல் வழியாகக் காதுக்கு மருத்துவம் செய்ய முதலில் முயன்றவர் மருத்துவர் அல்லர். பிரான்சின் வெர்சாய் நகரில் அஞ்சல் அலுவலராக இருந்த எட்மே ழீல் கியோ நீண்ட நாள் காது மந்தத்தால் துன்பப்பட்டார். வளைந்த ஈயக்கலவைக் குழாய் ஒன்றை வாய் வழியே மேலண்ணத்தின் பின்புறம் செலுத்தி, குழலின் வாய்ப்பகுதியை நீரால் கழுவும் கருவியை அவர் உருவாக்கினார். 1724இல் அதைப் பாரிசின் அறிவியல் கழகத்திற்குத் தெரிவித்தார். அவருடைய கேட்கும் திறன் மேம்பட்டது என்று பதிவாகியுள்ளது.

வாய் வழியே செல்வது கடினம் என்பதால் பிரித்தானியப் படை அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கிளீலண்ட் மூக்கு வழியே குழாய் செலுத்தும் முறையை 1741இல் வெளியிட்டார். காதுக்கு மருந்து மூக்கு வழியே என்ற கருத்து இதன்மூலம் மருத்துவ நடைமுறையில் இடம்பெற்றது. எனினும் கண்ணால் காண முடியாத இடத்தில் குழாயைச் செலுத்துவதால் வலியும் காயமும் உண்டாயின. கைத்தேர்ச்சி மிக்க சிலரால் மட்டுமே இதைச் செய்ய முடிந்தது.

செவிப்பறையைத் துளைத்தல்

குழல் திறக்காவிட்டால் செவிப்பறையில் துளையிட்டுக் காற்றை உள்ளே விடலாம் என்பது மற்றொரு வழி. இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், செவிப்பறையில் ஓட்டை இருந்தும் ஓரளவு நன்றாகவே கேட்ட நோயாளிகளைக் கவனித்தார். குழல் அடைபட்டுக் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குச் செவிப்பறையைத் துளைத்தார். துளைத்த உடனே அவர்களுக்கு ஒலி தெளிவாகக் கேட்டது. 1801இல் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வுரை அவருக்கு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கத்தைப் பெற்றுத் தந்தது.

வெற்றி நீடிக்கவில்லை. செவிப்பறை விரைவில் தானாக மூடிக்கொள்ளும் இயல்புடையது. துளை மூடியதும் அடைப்பு திரும்பியது. மேலும், காது கேளாமைக்குக் காரணம் குழல் அடைப்பா, உட்செவி நரம்பின் பழுதா என்று பாராமல் பிற மருத்துவர்கள் எல்லோருக்கும் துளையிடத் தொடங்கினர். நரம்புப் பழுது உடையவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இதனால் அம்முறை பெயர் கெட்டு, ஒன்றரை நூற்றாண்டு பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. சரியான கண்டுபிடிப்பும் தவறான நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டால் தோற்கும் என்பதற்கு இது சான்று.

டாய்ன்பீயும் பொலிட்சரும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யூஸ்டேஷியன் குழல் எப்போதும் திறந்தே இருப்பதாகப் பலர் கருதினர். இக்கருத்தை மாற்றியவர் இலண்டன் மருத்துவர் ஜோசப் டாய்ன்பீ. ஏறத்தாழ 2000 காதுகளை அறுத்து ஆராய்ந்த அவர், குழல் இயல்பில் மூடியிருக்கும் என்றும், விழுங்கும்போது தசைகளின் இழுப்பால் திறக்கும் என்றும் 1853இல் விளக்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் காதில் அழுத்தம் மாறுவதை யாரும் உணரலாம் என்பது அவர் காட்டிய எளிய சான்று. இது இன்று டாய்ன்பீ முறை எனப்படுகிறது.

டாய்ன்பீயின் முடிவு துயரமானது. காது இரைச்சலுக்கு மருந்து தேடிய அவர், குளோரோபார்ம் போன்றவற்றின் ஆவியை உள்ளிழுத்து, மூக்கையும் வாயையும் மூடி அதை நடுச்செவிக்குள் செலுத்த முடியுமா என்று தம்மீதே சோதித்தார். 1866 சூலையில் அத்தகைய சோதனையின்போது, தம் மருத்துவ அறையிலேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 50.

விழுங்கும்போது குழல் திறக்கும் என்ற அறிவை மருத்துவமாக மாற்றியவர் வியன்னாவின் ஆடம் பொலிட்சர். 1863இல் அவர் வெளியிட்ட முறையில், நோயாளி வாயில் சிறிது நீரை வைத்துக்கொள்வார். மருத்துவர் ரப்பர் பையின் முனையை ஒரு மூக்குத் துளையில் பொருத்தி, மற்றதை மூடுவார். நோயாளி நீரை விழுங்கும் நொடியில் பையை அழுத்தினால், திறந்த குழல் வழியே காற்று நடுச்செவிக்குச் செல்லும். குழாய் செலுத்தத் தேவையில்லை, வலியும் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் இதைச் செய்ய முடிந்தது. காது மருத்துவத்தின் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதியவரும் பொலிட்சரே.

பறத்தலும் காது வலியும்

குழலின் வேலையை மனிதர்கள் வேறொரு வழியிலும் அறிந்தனர். பிரெஞ்சு அறிவியலாளர் ஜாக் சார்ல் 1783 டிசம்பர் 1 அன்று ஐதரசன் பலூனில் ஏறிப் பறந்தார். அன்று இரண்டாம் முறை தனியாக மேலெழுந்து இறங்கியபோது வலது காதில் கடும் வலியை உணர்ந்தார். காற்றழுத்த மாற்றத்தால் காதில் உண்டாகும் பாதிப்பைப் பற்றிய தொடக்கக் காலப் பதிவாக இது கருதப்படுகிறது.

விமானங்கள் வந்த பின் இச்சிக்கல் பெரிதானது. செங்குத்தாகக் கீழிறங்கும் போர் விமானிகளுக்கு மூச்சை முக்கிக் காற்றைத் தள்ள நேரம் இருப்பதில்லை. ஜெர்மானிய மருத்துவர் எர்மான் பிரென்சல் 1938இல், மூக்கை மூடி, நாவின் பின்பகுதியாலும் தொண்டைத் தசைகளாலும் காற்றை அழுத்தும் முறையை விளக்கினார். மூச்சுக்குழாயின் அழுத்தம் தேவைப்படாத இம்முறையை இன்று மூச்சடக்கி நீரில் மூழ்குவோரும் பயன்படுத்துகின்றனர்.

புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இது தொலைவான செய்தி அன்று. வேலைக்காகச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் மாவட்ட மக்களுக்குத் திருச்சிராப்பள்ளி விமான நிலையமே அருகில் உள்ளது. சளியோடு விமானம் ஏறுபவருக்கு மேலே செல்லும்போதைவிடக் கீழே இறங்கும்போதே துன்பம் அதிகம். மேலேறும்போது நடுச்செவியின் காற்று விரிந்து தானே வெளியேறும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடுகிறது. குழலைத் திறந்து காற்றை உள்ளே விட்டாக வேண்டும். அதனால் விமானம் இறங்கத் தொடங்கியதும் விழித்திருந்து அடிக்கடி விழுங்குவதும், மிட்டாய் சுவைப்பதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதும் உதவுகின்றன.

தமிழில் உடற்கூற்று அறிவு

இந்தப் புதிய அறிவு தமிழுக்கு அச்சு நூல்கள் வழியே வந்ததில் யாழ்ப்பாணத்திற்குப் பெரும் பங்கு உண்டு. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவர் ஆயினர். கால்வின் கட்டரின் உடலியல் நூலையும், பிற அறுவை மருத்துவ, மகப்பேற்று நூல்களையும் அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கினர். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் வெளிவந்தது. பொலிட்சர் தம் முறையை வெளியிட்டு ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில், மனித உடலின் அமைப்பைத் தமிழில் படிக்க வழி ஏற்பட்டது.

புதுக்கோட்டை அன்று தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி அரசு. அங்கு 1886இல் பிறந்து, மன்னர் கல்லூரியில் பயின்ற முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் காலத்தில் மேல்நிலை மருத்துவக் கல்விக்குச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் தொடங்கப்பட்டது.

புதுக்கோட்டை வட்டாரத்தில் வழக்கங்கள்

புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்தின் பெயருக்குப் பசுவின் காது என்பது பொருள். காமதேனு தன் காதில் நீர் கொண்டுவந்து இறைவனுக்குத் திருமுழுக்காட்டியதாக அங்குள்ள கோகர்ணேசுவரர் கோயிலின் தலபுராணம் கூறுகிறது. காது நீரைத் தாங்கும் கலம் என்னும் இந்தக் கற்பனைக்கும் உடற்கூற்றுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. செவிப்பறை முழுமையாக இருக்கும் காதில் ஊற்றும் எதுவும் துளையிலேயே தங்கும். அப்பால் உள்ள நடுச்செவிக்கோ யூஸ்டேஷியன் குழலுக்கோ போகாது.

வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதைத் தொடரும் மார்கழிப் பனியும் மாவட்டத்தில் சளி மிகும் நாள்கள். அப்போது வீடுகளில் நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடிப்பதும், தூதுவளை ரசமும் சுக்குக் கசாயமும் குடிப்பதும் உண்டு. ஆவியும் சூடான நீராகாரமும் மூக்கின் சளியை இளக்கி, ஆறுதல் தருகின்றன. அடிக்கடி விழுங்குவதால் குழலும் திறக்கிறது. இவ்வழக்கங்களில் கவனிக்க வேண்டியது கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து ஏற்படும் தீப்புண். சிறு குழந்தைகளுக்குப் போர்வை மூடி ஆவி பிடிக்க வைக்கக் கூடாது.

இவற்றின் கூடவே வேறு சில வழக்கங்களும் உள்ளன. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விடுதல், தாய்ப்பால் விடுதல், ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு கொண்டு குடைதல், குளிப்பாட்டும்போது குழந்தையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதுதல் ஆகியவை அவை. சூடான எண்ணெய் காதுத் துளையையும் செவிப்பறையையும் சுடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெயும் கிருமியும் நடுச்செவிக்குள் புகும். குடையும்போது குறும்பி மேலும் உள்ளே தள்ளப்படும். கைக்குழந்தையின் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம்.

இவ்வழக்கங்கள் நிலைப்பதற்கு ஒரு காரணம், சளியால் வரும் அடைப்பு பெரும்பாலும் தானாகவே சரியாவது. மூன்றாம் நாள் எண்ணெய் விட்டு ஐந்தாம் நாள் காது திறந்தால், எண்ணெய்தான் குணமாக்கியது என்று தோன்றும். உண்மையில் அதற்குள் குழலின் வீக்கம் வடிந்திருக்கும். கண்மாயிலோ ஊருணியிலோ குளித்த பின் வரும் அடைப்பு இதிலிருந்து வேறுபட்டது. அது புறச்செவியில் தேங்கிய நீராலோ, நீரில் ஊறிப் பருத்த குறும்பியாலோ வருவது. தலையைச் சாய்த்தால் நீர் வடியும். குறும்பியை மருத்துவர் அகற்ற வேண்டும்.

குழந்தைகளின் பசைக் காது

குழந்தைகளின் யூஸ்டேஷியன் குழல் குட்டையாகவும் ஏறத்தாழக் கிடையாகவும் இருக்கும். குழலின் வாய்க்கு அருகில் உள்ள மூக்கடிச் சதையும் அவர்களுக்குப் பருத்திருக்கும். அதனால் சளிக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்குவது குழந்தைகளுக்கே அதிகம். தேங்கிய நீர் சில வேளை பசை போலக் கெட்டியாகிறது. இதில் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. குழந்தை கூப்பிட்டால் திரும்பாது, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும், வகுப்பில் கவனம் இல்லாததுபோல் இருக்கும். காது மந்தம் என்று அறியாமல் படிப்பில் மந்தம் என்று முடிவு செய்யப்படுவதே இதன் பெரும் தீமை. பேச்சு கற்கும் வயதில் இது நீடித்தால் பேச்சு வளர்ச்சியும் பின்தங்கும்.

கூப்பரின் கைவிடப்பட்ட முறை இங்குதான் மீண்டும் உயிர் பெற்றது. 1954இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங், செவிப்பறையில் இட்ட துளை மூடாதிருக்க அதில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார். நடுச்செவிக்குக் காற்று அந்த வழியே சென்றது. சில மாதங்களில் குழாய் தானாக வெளியேறும். அதற்குள் குழந்தையின் குழலும் வளர்ச்சி பெறும். எல்லாக் குழந்தைகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. பெரும்பாலோருக்கு மூன்று மாதங்களுக்குள் நீர் வற்றிவிடும் என்பதால், அதுவரை கவனித்துக் காத்திருப்பதே இன்றைய நடைமுறை.

இந்திய அரசு 2007இல் செவித்திறன் குறைபாட்டுத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிறப்பு முதல் 18 வயது வரையானவர்களைச் சோதிக்கின்றன. நடுச்செவி அழற்சியும் செவித்திறன் குறைவும் அச்சோதனையில் அடங்கும். குழந்தை சரியாகக் கேட்கவில்லை என்ற ஐயத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் அக்குழுவிடம் தெரிவிக்கலாம்.

இன்றைய தீர்வு முறைகள்

பெரியவர்களுக்குச் சளியால் வரும் அடைப்பு பெரும்பாலும் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் நீங்கும். அதுவரை அடிக்கடி நீர் பருகுதல், மெல்லுதல், கொட்டாவி விடுதல், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குதல் ஆகியவை குழலைத் திறக்க உதவும். வால்சால்வா முறையைச் செய்வதானால் முதலில் மூக்கை மெல்லச் சிந்திவிட்டு, மென்மையாகச் செய்ய வேண்டும். பலமாக ஊதினால் செவிப்பறையும் உட்செவியும் பாதிக்கப்படலாம். காது வலி, காய்ச்சல், கெட்டியான மஞ்சள் சளி இருக்கும்போது இதைத் தவிர்க்க வேண்டும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதற்குக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்துகள் வீக்கத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஐந்து நாள்களுக்கு மேல் விட்டால் மூக்கடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மூக்கடைப்பு மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ளக் கூடாது. குழந்தைகளின் நடுச்செவியில் தேங்கிய நீருக்கு ஒவ்வாமை மாத்திரைகளாலும் மூக்கடைப்பு மருந்துகளாலும் பயன் இல்லை என்பது ஆய்வுகளின் முடிவு. சளி நச்சுயிரியால் வருவதால் சாதாரண அடைப்புக்கு ஆண்டிபயாட்டிக் மருந்தும் தேவையில்லை.

மருத்துவரை உடனே காண வேண்டிய நிலைகள்

கடும் காது வலி, காய்ச்சல், காதிலிருந்து சீழ் அல்லது இரத்தம், தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல், காதின் பின்புறம் வீக்கம் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு காதில் மட்டும் அடைப்பு பல வாரங்கள் நீடித்தால், மூக்கின் பின்புறத்தில் கட்டி ஏதும் குழலை அடைக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிதாகத் தவறவிடப்படுவது திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு. தூங்கி எழும்போதோ ஓரிரு நாள்களுக்குள்ளோ ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்துவிடும். நோயாளிக்கு அதுவும் காது அடைத்தது போலவே தோன்றும். சளி என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால், ஸ்டீராய்டு மருந்து பயன் தரக்கூடிய முதல் இரண்டு வாரங்கள் வீணாகிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் இசைக்கவையைப் பயன்படுத்துகிறார். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஐன்ரிச் வேபர் 1834இல் குறிப்பிட்ட கருத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனை இது. அதிரும் கவையை நெற்றியின் நடுவில் வைத்தால், குழல் அடைப்பு உள்ளவருக்கு ஒலி அடைத்த காதில் உரக்கக் கேட்கும். நரம்பு பழுதானவருக்கு நல்ல காதில் கேட்கும். வாயை மூடி 'ம்' என்று முனகிப் பார்த்தாலும் இதே வேறுபாடு ஓரளவு தெரியும். முனகல் அடைத்த காதில் உரக்கக் கேட்காமல் நல்ல காதில் கேட்டால், அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். முனகல் அடைத்த காதில் கேட்டாலும், கேட்கும் திறன் திடீரெனக் குறைந்திருந்தால் மருத்துவச் சோதனை தேவை.

கூப்பருக்குப் பின் வந்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எல்லோருடைய செவிப்பறையையும் துளைத்தனர். இன்று அதைப் பிரித்தறியும் கருவி அரசு மருத்துவமனைகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகளில் உள்ளது. சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சளியால் வந்த அடைப்பு என உறுதியானால் பொறுத்திருக்கலாம். அப்போதும் காதுத் துளைக்குள் எதையும் விடத் தேவையில்லை.